மூன்று இஞ்ச் என்று சொன்னாய், மாப்ள

என் அன்புக்கும், இப்போதைக்கு என் கோபத்துக்கும் உரிய மாப்ள ராசுவுக்கு,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன். அது போதுமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போதவில்லை. மனசுக்குள் திட்டினால் உனக்கு உறைக்காது என்று எழுதித் திட்டுகிறேன். நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நம் நித்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். குழந்தைக்குத் தூக்கம் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுகை. தொட்டிலில் போட்டால் மட்டும் அடங்கும். ஹாலில் நீ அந்தக் காலத்தில் போட்ட கொக்கியில்தான் தொட்டில் கட்டியிருந்தோம். ஹாலில் டிவி ஓடுகிறது, வருகிறவர் போகிறவர் சத்தம் வேறு. "உள்ரூம்ல ஒரு கொக்கி போட்டுக் குடுங்கப்பா" என்றாள் நித்யா.

நீ இருந்திருந்தால் உன்னைக் கூப்பிட்டிருப்பேன். முப்பது வருஷம் போர்வெல் வண்டியில் நின்று பூமியை ஆயிரம் அடி துளைத்தவன் நீ. என் வீட்டுச் சுவர் உனக்குப் பலகாரம் மாதிரி. நானோ லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிறவன். பத்தாம் வகுப்பையே இரண்டாம் தடவையில் தாண்டினவன். உன் பச்சைப் பெட்டி டிரில் மிஷினைக் கேட்கலாம் என்றால், உன் மகன் வடக்கே வண்டியோடு போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"எலக்ட்ரீசியன் ஒருத்தரக் கூப்புடுங்க. உங்களுக்கு டியூப் லைட்டு மாட்டவே ஏணி புடிக்க ஒரு ஆளு, உங்களப் புடிக்க ஒரு ஆளு வேணும்" என்றாள் என் வீட்டுக்காரி சரசு.

பேத்திக்கு நானே போடுவேன் என்று ரோசமாகச் சொல்லிவிட்டேன். ஒயர் இல்லாத, பேட்டரியில் ஓடுகிற மிஷின் வாங்குவது என்று முடிவு. பத்து நாள் போனில் வீடியோ பார்த்தேன். பாதி இந்தியில் இருந்தது. டிரில் ஓடுகிற சத்தம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

"வாங்கண்ணா. எதுக்குங்க வேணும்?"

"ஓட்டை போடறதுக்கு."

"அது தெரியுதுங்க. எதுல போடோணும்? மரத்துலயா, செவுத்துலயா?"

நான் அதற்குப் பதில் சொல்லாமல், எல்லாம் தெரிந்தவன் போல "வோல்ட்டு எத்தனை வரும்?" என்றேன். மஞ்சள் நிறத்தில் கைக்கு அடக்கமாக ஒன்று இருந்தது. அதை எடுத்துத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்த்தேன். மனசு அதன் மேல் விழுந்துவிட்டது.

"அது பன்னெண்டு வோல்ட்டுங்கண்ணா. பீரோவுக்குத் திருகாணி முடுக்கலாம், பலகையில ஓட்டை போடலாம். செவுத்துக்கு ஆவாது. இங்க வாங்க. இது பதினெட்டு வோல்ட்டு. இந்த வளையத்துல சுத்தியல் படம் போட்டிருக்குது பாருங்க, தட்டித் தட்டித் துளைக்கும். அது இல்லாத மிஷினை எடுத்துட்டுப் போனீங்கன்னா செவுத்துக்கு முன்னால நின்னு பாட்டுத்தான் பாடோணும்."

"அப்ப இதுலயே பெரிய பேட்டரி போட்டதைக் குடுங்க."

"வாங்கறதுக்கு முன்னால தலைக்கு மேல தூக்கிப் புடிங்க. ரெண்டு நிமிஷம்."

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, சாமி வந்தவன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷத்துக்குள் கை ஆடியது. அவர் பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார். இரண்டு நிமிஷமும் நின்றேன். பெரியது ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜ் ஏறும், கைக்கும் பாரம் இல்லை என்றார். சரியாகத்தான் பட்டது. நீ இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாய் என்று அப்போது நினைத்தேன். பார், அதுவரைக்கும் எனக்கு உன் மேல் அத்தனை நம்பிக்கை.

தொட்டில் கொக்கிக்கு, ஹாலில் பழையது ஒன்று இருக்கிறது என்று கடைசியில்தான் வாயைத் திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"தளத்துலயாங்க? மொதல்லயே சொல்றதில்லீங்களா? இது காங்கிரீட்டுக்குப் பத்தாதுன்னுதான் சொல்லோணும். ஒரு ஓட்டைன்னா போடலாம். அமுத்தாம, நின்னு நின்னு போடுங்க. கம்பி தட்டுச்சுன்னா அதோட நிறுத்திப்போட்டுப் பக்கத்துல தள்ளிப் போடுங்க. கொழந்த சமாச்சாரமுங்க. ஊட்டுல பழைய கொக்கி இருக்குதுன்னீங்களே, அதக் கழட்டிப் பாருங்க. அதே நீளத்துக்கு போல்ட்டு தாரேன்."

"அது மூணு இஞ்ச்சு போல்ட்டுங்க. என்ற மாப்ள போட்டது" என்றேன் பெருமையாக. மூன்று இஞ்ச் போல்ட் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் கழற்றிப் பார்த்துவிடுவது என்று வீட்டுக்கு வந்தேன். புது மிஷினில் எதையாவது கழற்ற வேண்டும் என்கிற ஆசையும்தான், இல்லை என்று சொல்லவில்லை.

குழந்தையை நித்யா தூக்கிக்கொண்டாள். தொட்டிலை அவிழ்த்தேன். கொக்கியின் தலையை மூடி நீ பூசியிருந்த வெள்ளைச் சிமெண்டைத் தட்டி எடுத்தேன். மிஷினைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, மாப்ள. கையால் நாலு திருகு. கொக்கி என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. கூடவே ஒரு மரத்துண்டும்.

போல்ட் இல்லை. மர ஆப்பு அடித்து, அதில் திருகி வைத்த கொக்கி. திருகு என் சுட்டுவிரலின் முதல் கணு அளவுதான் இருந்தது. போன் டார்ச்சை அடித்து ஓட்டைக்குள் பார்த்தேன். உள்ளே கம்பி பளபளவென்று தெரிந்தது, உன் டிரில் பிட் உரசிய தடத்தோடு.

அதில்தான் என் மகள் நான்கு வயது வரை ஆடினாள். அதில்தான் என் பேத்தி நாற்பது நாள் தூங்கினாள். கயிறு என் தொழில் என்று மாதா மாதம் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கொக்கி உன் தொழில் என்று அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

நித்யா குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரசுதான் கேட்டாள்: "ஏனுங்க, அந்தண்ணன் நம்ம ஊட்டுல எத்தன நாள் சோறு தின்னுருப்பாரு? ஒரு நாளு கூடவா தொண்டையில அடைக்கல?"

அந்த நாளை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நித்யாவைத் தொட்டிலில் போடும் நாள். தளம் போடும்போதே தொட்டிலுக்குக் கொக்கி விடச் சொல்ல மறந்தது என் புத்தி. சொந்தக்காரர்கள் முப்பது பேர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. என் மாமியார் கடிகாரத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஏணியில் நின்றாய். மிஷின் சத்தம் ஒரு இடத்தில் மாறியது, எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்புறம் உன் பெட்டியைக் கொஞ்ச நேரம் குடைந்தாய். ஏறினாய், இறங்கினாய். "மூணு இஞ்ச்சு எறங்கியிருக்குது மச்சா, யானையக் கட்டலாம்" என்றாய்.

யாரோ உன்னைத் தொங்கிக் காட்டச் சொன்னார்கள். நீ என்ன சொன்னாய்? "நான் தொங்குனா இவன்ற ஊடே எறங்கீரும்." எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

உன்னை நம்பினது என் முட்டாள்தனம் என்று மட்டும் சொல்லிவிடாதே. அதற்கு நீதான் காரணம். நம் பக்கத்தில் போர் போட்டால் வீட்டுக்காரன் வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருபதடி ராடு ஒவ்வொன்றும் இறங்க இறங்கச் சுவரில் கரியால் கோடு போடுவான். எத்தனை அடி என்று பின்னால் பேச்சு வரக்கூடாது. என் வீட்டில் உன் வண்டி ஓடிய அன்று, மாப்ளதானே என்று நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். நீ வந்து காலைத் தட்டி எழுப்பினாய். "எந்திரிச்சு வந்து எண்ணு மச்சா. நாளைக்கு எவனாச்சும் கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லாத, நீ பாத்தேன்னு சொல்லு." அப்படிப்பட்டவன் சொல்கிற மூன்று இஞ்ச்சை யார் அளந்து பார்ப்பார்கள்?

சரி, அன்றைக்கு முப்பது பேருக்கு முன்னால் வாய் வரவில்லை. மறுநாள்? அடுத்த மாதம்? நீ வாரத்துக்கு ஒரு தடவை வந்தாய். வந்தவுடன் அண்ணாந்து பார்ப்பாய். தொட்டில் கயிற்றைத் தொடுவாய். குழந்தை மேல் பாசம் என்று நினைத்தேன். அவளுக்கு நடை வந்ததும் "இன்னும் என்ன தொட்டிலு, கழட்டி வீசு" என்று என்னிடம் சண்டை போட்டாய். நான் கேட்காததால் மூணு சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாய். அது பாசமா, பயமா? இரண்டும்தானா? இனி யாரிடம் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைத்தியம் பிடித்தவன் மாதிரி இருந்தேன். இந்த வீட்டில் நீ ஓட்டை போட்டு மாட்டியவை அத்தனையையும் புது மிஷினால் கழற்றினேன். முகம் பார்க்கும் கண்ணாடி, டிவி ஸ்டாண்டு, சாமி பட அலமாரி, திரைச்சீலைக் கம்பிகள். வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூள். எல்லாம் ஆழமாக, நேராக, சொன்ன அளவுக்கு இருந்தது. எல்லாமே அரைகுறையாக இருந்திருந்தால் என் மாப்ள அரைகுறை வேலைக்காரன் என்று மனசு ஆறியிருக்கும். செய்யத் தெரிந்தவன் நீ. கண்ணாடிக்கு மூன்று இஞ்ச், என் பிள்ளைக்கு ஒரு கணு.

அடுத்த நாள் காலையில் உள்ளறையில் நானே ஏணி ஏறினேன். பிட்டில் மூன்று இஞ்ச் அளந்து டேப் சுற்றிக்கொண்டேன். அமுக்காமல் நின்று நின்று போட்டேன். ஒரு பேட்டரி தீர்ந்து அடுத்ததை மாட்டினேன். கண்ணில் தூள், கழுத்தில் வலி. ஒன்றேகால் இஞ்ச் போயிருக்கும், கிண்ணென்று சத்தம் மாறியது. கம்பி.

கீழே குழந்தை வீறிட்டு அழுகிறாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சரசு, "ஆச்சுங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, மாப்ள. வாய் சொல்லிவிட்டது. கீழே முப்பது பேர் இல்லை, மாமியார் இல்லை, நல்ல நேரமும் முடியப் போகவில்லை. என் பெண்டாட்டியும் பிள்ளையும்தான். அதற்கே வந்துவிட்டது. ஏணி மேல் நின்றபடி பிட்டை வெளியே இழுத்தேன். அந்த நிமிஷம் உன் மேல் இருந்த கோபம் பாதி என் மேல் திரும்பியது. அதற்காகவும் உன் மேல் கோபம்.

"இல்ல சரசு. கம்பி தட்டுது. ஆவல. தள்ளிப் போடோணும்" என்றேன்.

"அதுக்கென்னங்க, தள்ளிப் போடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிலுகிலுப்பையை ஆட்டினாள். நான் கை அகலம் தள்ளிப் போட்டேன், டேப் வரைக்கும் இறங்கியது. போல்ட்டை முடுக்கிவிட்டு என் முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினேன். கொக்கி அசையவில்லை, வேட்டிதான் அவிழ்ந்தது. நித்யா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் அவளே தொட்டிலைக் கட்டிக் குழந்தையைப் போட்டாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சொல்வது இத்தனை சுலபமா, மாப்ள? "கம்பி தட்டுது மச்சா, தள்ளிப் போடோணும்." ஒரு வரி. அதைச் சொல்ல நான்கு வருஷம் உனக்குப் போதவில்லையா? நான் உன்னைத் திட்டியிருப்பேனா? சோறு போட்டுவிட்டு ஏணி பிடித்திருப்பேன்.

உன் பெண்டாட்டியிடமோ மகனிடமோ இதைப் பேச மாட்டேன். இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட்டால் படட்டும். இரண்டு மாதத்தில் உன் வருஷத் திதி வருகிறது. குடும்பத்தோடு வருவேன், சத்தியம். பந்தல் கட்டுவேன், இலை எடுப்பேன், வடை கேட்டு வாங்கித் தின்பேன். உன் படத்துக்கு முன்னால் மட்டும் கும்பிட மாட்டேன். அது இந்த வருஷத்துக்கு. அடுத்த வருஷம் என்ன செய்வது என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் நான்தானே வர வேண்டும்.

உன்னோடு பேச்சை நிறுத்தத் தெரியாத மச்சான்,
சின்னுசாமி