மூன்றாம் நாளைப் பார்க்காத சுவர்

மார்ச் 3
மண்வீடு கட்டக் கற்றுத்தரும் எங்கள் மையத்தில் எழுபதாவது பேட்ச் நேற்று முடிந்தது. சனி, ஞாயிறு, இரண்டே நாளில் தோள் உயர மண்சுவர். சேற்றுக் கையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு காரேறிவிட்டார்கள். இன்று காலை நானும், மண் மிதிக்க வரும் அக்காவும் அதை இடித்து ஊறவைத்தோம். அடுத்த பேட்சுக்கும் அதே மண்தான்.

“வாராவாரம் கட்டி வாராவாரம் இடிக்கிறோம் தம்பி. இந்நேரம் எனக்கு ஒரு ரூம் ஆயிருக்கும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 4
காசுள்ளவனுக்கே அடுக்குமாடி வரைந்து வெறுத்துப்போய்த்தான் வேலையை விட்டேன். இங்கே என்ன கிழிக்கிறேன்? அதே ஆட்களுக்கு மண்ணில் விளையாட்டுக் காட்டுகிறேன். அவர்கள் எளிமையைப் பற்றிப் பேசுகிறார்கள். அக்கா தகரத் தடுப்புக்குள் வேகிறார்.

மார்ச் 10
அடுத்த வகுப்பு அக்கா வீட்டில்தான், கட்டுவதை இடிக்கப்போவதில்லை என்றேன். மைய முதலாளி உடனே தலையாட்டினார். விளம்பரத்துக்கு நல்ல படம் கிடைக்குமாம்.

அக்கா மட்டும் கேட்டார், “நிக்குமா தம்பி?”

“நான் இன்ஜினியர்க்கா.”

மார்ச் 16
முழங்கால் உயரத்தோடு நிறுத்திக் காயவிடலாம் என்றார் அக்கா. பேட்ச் சாயங்காலம் கிளம்பியாக வேண்டுமே. ஏற்றச் சொன்னேன். தோள் உயரம். கைதட்டல்.

மார்ச் 18
விழுந்துவிட்டது.

மார்ச் 19
அடிப்பக்கம் பிதுங்கி அப்படியே சரிந்திருக்கிறது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் வலது கால்மேல். கணுக்கால் இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது.

ஈர மண் மேலே பாரம் தாங்காது — முதல் வகுப்பில் நானே சொல்கிற வரி. ஆனால் நான் கட்டவைத்த எந்தச் சுவர் மூன்றாம் நாளைப் பார்த்திருக்கிறது? ஒவ்வொரு திங்களும் என் தப்பு தண்ணியில கரைஞ்சு போச்சு. எனக்கே தெரியாம. என்னடா இன்ஜினியர் நீ?

மார்ச் 23
ஆஸ்பத்திரி. அக்கா திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். அவர் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார்.

“உங்களுக்கு இது போரடிச்சா திரும்பிப் போக ஒரு வேலை இருக்கு சார். அவளுக்கு இருந்தது அந்த ரெண்டு காலுதான்.”

ஏப்ரல் 6
மறுபடி மையத்தில் வகுப்பு. சுவரை முழங்கால் உயரத்தோடு நிறுத்தினேன். இதற்கா இரண்டு நாள் வந்தோம் என்றார் ஒருவர். பாதிப் பேர் மதியமே போய்விட்டார்கள். மண் மிதிக்க வேறு ஆள் பார்க்கவா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று நானே இறங்கினேன். குதிகால் வெடித்து எரிகிறது.

ஒன்றரை வருடத்தில் அக்கா ஒருநாள்கூட எரிகிறது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.