மாதர் சங்கத்துச் செயலாளர்

சிலமலை,
3-8-1956

அன்பில் குறையாத சுருளியம்மாளுக்கு, ஜக்கையன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம். பொட்டிபுரத்தில் நீயும் மாமாவும் அத்தையும் உன் தம்பி மொக்கச்சாமியும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணை செய்வார்.

சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி. சீம்பால் காய்ச்சிய அன்று உன் நினைவுதான். நீ போனதிலிருந்து குழம்பில் உப்பு ஒரு நாள் தூக்கல், மறுநாள் இல்லவே இல்லை. ஆனி மாதம் நடந்ததை மறந்துவிடு. ஏதோ கோபத்தில் விறகுக் கட்டை கைக்கு வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஊரில் நடக்காததா? போன வாரம் உன்னை அழைக்க வந்த என்னை உன் தம்பி அரிவாளோடு ஊர் எல்லை வரை விரட்டியதைக்கூட நான் மனதில் வைக்கவில்லை. நேரில் வர வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன்.

நல்ல சேதி ஒன்று. மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்குப் பாலர் விடுதி கட்ட மானியம் கேட்டிருந்தோமே, கிடைக்கும்போல் இருக்கிறது. பாதிச் செலவு நல வாரியம் கொடுக்கும். மீதிப் பாதிக்கு ஊர்க்காரர்கள் உழைக்க வேண்டும். 25-ந் தேதி மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் ஜீப்பில் பார்வையிட வருகிறார். மாதர் சங்கத்துக்குத்தான் மானியம் என்பதால் தலைவியாக உன் பெயரைப் போட்டிருக்கிறேன். அவர் எதிரில் நீ கையெழுத்துப் போட வேண்டும். அடிபட்டது இடது கைதானே, அதனால் ஒரு தடையும் இல்லை. சீக்கிரம் புறப்பட்டு வா.

உன் அன்புள்ள,
ஜக்கையன்
செயலாளர், மாதர் சங்கம்


பொட்டிபுரம்,
8-8-1956

மச்சானுக்கு,

கன்று போட்ட சிவப்பியை நான் விசாரித்ததாகச் சொல்லவும். மாதர் சங்கத்துக்கு ஆம்பளைச் செயலாளர் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மீசையை எடுத்துவிட்டீர்களா?

கட்டை ஒன்றும் தானாகக் கைக்கு வரவில்லை. நாம் பேசியது வாசலில், விறகு கிடந்தது கொல்லையில். நடந்து போய் எடுத்து வந்தீர்கள். அப்படி நான் என்ன கேட்டுவிட்டேன்? கருத்தம்மா மலைக்குப் போகும்போது பிள்ளை அழாமல் தூங்கட்டும் என்று அபின் கொடுத்தாள். அது பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பிள்ளை சாவைச் சொல்லி மானியம் வாங்கி, உங்கள் நிலத்தில் உங்கள் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்டப் பார்க்கிறீர்களே என்று கேட்டேன். கருத்தம்மாவின் எதிரிலேயே கேட்டதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. உங்கள் அம்மா ஓடி வந்து, “கத்தாதடி, தெருவுல ஆள் போகுது” என்றார்கள். அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கை கூடிவிட்டது, கோணலாக. இடுப்பில் குடம் நிற்க மாட்டேன் என்கிறது.

விடுதி ஊர்ப் பொது இடத்தில் வருவதானால் எழுதுங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் நிலத்தில் என்றால் இந்தப் பக்கம் தபால்கூட வேண்டாம்.

சுருளியம்மாள்


சிலமலை,
17-8-1956

என் கண்ணான சுருளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். குறும்பு உன்னை விட்டுப் போகவில்லை. எந்த இடம் என்பதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் கையெழுத்துப் போடு.

போடிச் சந்தையில் மொக்கச்சாமியை யாரோ வெட்டிவிட்டார்களாம். கேட்டு மிகவும் வருந்தினேன். தோளோடு போயிற்றாமே, நல்லவேளை. வாய்த் துடுக்கு உள்ளவனுக்கு எதிரிகள் இருக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு என் தம்பி திருப்பதியும் சந்தைக்குப் போயிருந்தான் என்று யாராவது கதை கட்டினால் நம்பாதே. உன் தம்பிக்கு இன்னொரு தோள் மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு நல்ல முடிவாக எடு.

நீ வராவிட்டாலும் சோலி நிற்காது. திருப்பதி பெண்டாட்டி பேச்சியைச் சுருளியம்மாள் என்று நாற்காலியில் உட்கார வைப்பேன். மெட்ராஸ் அம்மாளுக்கு என்ன தெரியப் போகிறது?

என்றும் உன்
ஜக்கையன்
செயலாளர், மாதர் சங்கம்


போடிநாயக்கனூர் ஆஸ்பத்திரி,
3-9-1956

சுருளிக்கு,

சொல்வது நான், எழுதுவது பக்கத்துக் கட்டில் சீனிச்சாமி வாத்தியார்.

வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. இனி விரல் மடங்காது என்கிறார் டாக்டர். மெட்ராஸ் அம்மாள் வந்த அன்றைக்கு நீ ஊரின் அத்தனை பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய். உன்னைக் கண்டதும் பேச்சி நாற்காலியை விட்டு எழுந்து, “அக்கா, இது ஒன் எடம்” என்று சொல்லிவிட்டாள். மெட்ராஸ் அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உன் கூந்தலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருத்தம்மா உலக்கையோடு வருவாள் என்று யார் கண்டது? முதல் அடியில் நான் விழுந்த பிறகும் அடித்தாளே, அது நியாயமா?

அவள் இப்போது சப் ஜெயிலில் இருக்கிறாள். ஆறு மாதத்துக்குக் குறையாது என்று வக்கீல் சொல்கிறார். நீ வீட்டுக்கு வந்து, என் நிலத்திலேயே கட்டச் சம்மதித்தால் நான் கேஸை விட்டுவிடுகிறேன். அவள் வெளியே வருவது உன் கையில் இருக்கிறது. அம்மாதான் ஊட்டிவிடுகிறாள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜக்கையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


பொட்டிபுரம்,
29-9-1956

மச்சானுக்கு,

மெட்ராஸ் பதிலுக்காகக் காத்திருந்ததால் உடனே எழுதவில்லை.

உங்களை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன பிறகு அந்த அம்மாளும் நடுங்கிக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார். எல்லாம் போயிற்று என்று பேச்சி அழுதாள். நான் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றேன். “அடி பட்டது நாங்கம்மா. காசு எதுக்குத் திரும்பிப் போகணும்?” என்று கேட்டேன். இறங்கி வந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்தார். கருத்தம்மா பிள்ளையைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, விடுதி வரவேண்டிய பொது இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். முந்தாநாள் உத்தரவு வந்துவிட்டது.

சப் ஜெயிலுக்குப் போய்க் கருத்தம்மாவிடம் உங்கள் பேரத்தைச் சொன்னேன். அவளுக்காக வீடு திரும்பிவிடலாம் என்று எனக்கு மனது இளகியிருந்தது நிஜம். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஆறு மாசந்தான, இருந்துட்டு வர்றேன். எம்பிள்ள போன ஊர்ல கட்டடத்த மட்டும் வெரசா எழுப்பிரு.” அதனால் உங்கள் வீட்டுக்கு நான் வரவில்லை. இனி எப்போதும் வர மாட்டேன்.

ஊர்ப் பங்குக்குச் சிலமலைப் பெண்கள் எல்லாரும் கல் சுமக்கிறோம், நானும் தினம் இங்கிருந்து போய்வருகிறேன். கோணல் கைதான் கல்லை அணைத்துப் பிடிக்கத் தோதாக இருக்கிறது.

அடிபட்டது வலது கை என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடும் சோலி உங்களுக்கு இனி இல்லை, அதனால் ஒரு தடையும் இல்லை. சங்கத்துக்குப் பேச்சியைச் செயலாளராகப் போட்டிருக்கிறோம். உங்கள் தம்பி திருப்பதி அதற்காக அவள் மேல் கை வைக்க நினைத்தால் ஒன்று சொல்லி வையுங்கள். கருத்தம்மாவின் உலக்கையைத்தான் போலீஸ் எடுத்துப் போயிருக்கிறது. ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

சுருளியம்மாள்
தலைவி, மாதர் சங்கம்