ஏனோக்கின் கைகள் சும்மா இருந்த படம்

பெங்களூர்
12.8.2000

அன்புத் தங்கை ஜெனிட்டாவுக்கு,

இங்கே நலம். மழையில் மாப்பிள்ளை ஏனோக்குக்கு இருமல் கூடுமே, எப்படி இருக்கிறார்?

உங்கள் 'லேம்ப் ரூம் ஃபைவ்' இசைக்குழுவைப் பற்றிய புத்தகத்தில் எழுத்து வேலை முடிந்தது. நான்கு இசைத்தட்டுகளும் எங்கே, எப்படிப் பதிவாயின என்பதை முடிந்தவரை சரிபார்த்து எழுதியிருக்கிறேன். இனி படங்கள்தான். ஒரு தட்டுக்கு மூன்று படம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். முதல் தட்டுக்கு, நீங்கள் ஐவரும் மாரிகுப்பம் ஸ்டேஷனில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் படம் உண்டு. உன் தோழி ஐடாவின் செருப்பை நீ இரவல் போட்டிருப்பது அதில் நன்றாகத் தெரிகிறது.

இரண்டாவது தட்டில்தான் தயக்கம். 1969, நம் ஸ்கெலட்டன் குடியிருப்பின் பள்ளிக்கூட ஹால். மதராஸ் ஒலிப்பதிவாளர் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டாரே, அந்த நாள். எல்லா வாத்தியமும் நின்று நீ மட்டும் பாடும் இடத்தில் பெரிய அடி ஒன்று விழுகிறதல்லவா, அந்த நொடியில் நான் எடுத்த படம் இருக்கிறது. கூரை விளக்கு சாய்ந்து நிற்கிறது. கிதார்க்காரர்கள் தரையைப் பார்க்கிறார்கள். நீ கண்ணை மூடிப் பாடுகிறாய். ஏனோக்கின் டிரம் குச்சிகள் மடியில் கிடக்கின்றன. இரண்டு கையும் சும்மா இருக்கிறது.

அது டிரம் சத்தம் இல்லை, தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடித்த சத்தம் என்பது ஹாலில் இருந்த நமக்குத்தான் தெரியும். பொருத்தமாக விழுந்தது என்று ஒலிப்பதிவாளர் அப்படியே விட்டுவிட்டார். சைரன் ஊதியது அதற்குப் பிறகுதான். பகல் ஷிஃப்ட்டில் இறங்கியிருந்த ஏனோக்கின் அண்ணன் சாம்ராஜ் ஏறி வரவில்லை. தட்டு வெளிவந்த நாளிலிருந்து ஊர் அதை 'ஏனோக் அடி' என்கிறது. அவரும் மறுத்ததில்லை.

நான் எடுத்ததில் அதைவிட நல்ல படம் கிடையாது. ஆனாலும் உன்னைக் கேட்காமல் போடமாட்டேன்.

அன்புடன்,
இவான்


ஸ்கெலட்டன்
21.8.2000

இவான் அண்ணனுக்கு,

கர்த்தர் உங்களைச் சுகமாக வைக்கட்டும். ஒரு வருடமாக ஒரு வரி இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் தங்கை ஞாபகம் வந்திருக்காது, இல்லையா?

அந்தப் படம் வேண்டாம் அண்ணா.

நீங்கள் இங்கே வந்து பார்த்தால் புரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் பையன்கள் இவரைக் கோவிந்தன் டீக்கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். தாங்கள் பிறக்காத காலத்துப் பாட்டை வாயாலேயே வாசித்து, அந்த இடம் வந்ததும் எல்லாரும் சேர்ந்து மேசையில் ஓங்கித் தட்டி, "அங்கிள், இன்னா அடி அங்கிள் அது!" என்பார்கள். இவர் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். நுரையீரல் போய், சுரங்க வேலை போய், மேடு ஏற முடியாமல் இருக்கிறவருக்கு அந்த ஒரு அடிதான் மிச்சம். படம் வந்தால், "அண்ணன் சாவ உன் பேர்ல ஓட்டிகினு இருந்தியா?" என்று எவனாவது கேட்பான். அதை இவர் தாங்கமாட்டார்.

இவரிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் பேசவேண்டாம்.

தங்கை,
ஜெனிட்டா


பெங்களூர்
3.9.2000

அன்புள்ள ஜெனிட்டா,

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், அதே ஹாலில் டீக்காரத் தாயம்மா எல்லாருக்கும் டீ ஊற்றும் படம் வருகிறது. அடி யாருடையது என்று எழுத்திலும் சொல்லவில்லை. பத்திரிகைக்காரனான எனக்கு இது வலிக்கும். ஏனோக்கையே கேட்டுவிடலாமா என்றும் ஒருமுறை நினைத்தேன். அவரோடு வாழ்கிறவள் நீ. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது?

இவான்


ஸ்கெலட்டன்
18.3.2001

இவான் அண்ணனுக்கு,

புத்தகம் கிடைத்தது. போன மாதக் கடைசியோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஷிஃப்ட் சைரன் இல்லாமல் எந்த வேளைக்குச் சோறு வைப்பது என்றே குழப்பமாக இருக்கிறது.

இவர் கை கழுவி, கண்ணாடி மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். என் இரவல் செருப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டாவது தட்டு வந்ததும் முன்னும் பின்னும் புரட்டினார். தாள் ஒட்டிக்கொண்டதா என்று நகத்தால் பிரித்துப் பார்த்தார்.

"எங்க அந்தப் படம்?"

"எந்தப் படம்?" என்றேன்.

"இன்னாம்மா, தெரியாத மாதிரி கேக்கற? நான் சும்மா உக்காந்துகினு இருப்பனே, அது. பிலிம் கழுவின அன்னிக்கே இவான் எனக்குக் காட்டினான்."

இவரே தொடர்ந்து சொன்னார்:

"புத்தகம் வருதுன்னதும் அத்தத்தான் எதிர்பாத்துகினு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் பசங்க மேசயத் தட்டுறானுங்க. எனுக்கு எங்கண்ணன் மேல பாற விழற மாதிரி இருக்குது. அது நான் இல்லடான்னு சொல்லலாம்னு வாயத் தொறப்பேன், இருமல்தான் வரும். படம் வந்தா அவனுங்களே பாத்துக்குவானுங்க, நான் பேச வேணாம்னு இருந்தேன்."

எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். வெகுநேரம் இருமினார். அப்புறம், "எனுக்கோசரம் பண்ண, இன்னா செய்றது, டீ போடு" என்றார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை, அண்ணா. முப்பது வருடம் அந்தச் சிரிப்பைப் பெருமை என்று நினைத்துப் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

புத்தகம் பார்க்க வந்த பையன்களை, "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்கடா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் படத்தைப் பெரிதாக ஒரு பிரதி போட்டு, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் அனுப்புங்கள். தாயம்மாவை மறைக்கக்கூடாதாம், புத்தகத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டப் போகிறார். பசை காய்ச்சச் சொல்லிவிட்டார். அதில் உங்கள் எழுத்து ஒரு பக்கம் முழுக்க மறைந்துவிடும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தங்கை,
ஜெனிட்டா