எங்கள் வீட்டுக்கு மேலால் போன பரசூட்

என் மச்சானுக்கு,

ஸலாம். மண்ணுக்குள் இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லலாம் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு வசதி. கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்களை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள் என்பதற்காக அதை மாற்ற மனமில்லை.

செய்தி இதுதான்: நம் ரொக்கெட்டை விட்டாச்சு. முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு கோபப்படுங்கள்.

கோடை வெள்ளாமை வெட்டி வயல் காய்ந்ததும், ஊருக்கு மேற்கே அதே வெளியில் சின்ன ரொக்கெட் செய்து விடுகிற நம் ஆட்கள் சனியும் ஞாயிறும் கூடினார்கள். பொலிஸ், ஆமி, விமானத்துறை என்று அலைந்து அனுமதி எடுத்தவர் குகன்தான். காரைதீவிலிருந்து வருகிற அதே குகன். யாருக்கும் காயம் வந்துவிடக் கூடாது என்று, நெல் மூட்டை தூக்குகிற மாதிரிப் பாதுகாப்புப் பொறுப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிற மனிதர். எல்லோரும் வந்திருந்தார்கள், நீங்களும் நானும்தான் இல்லை.

உங்களுக்காக நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல் நான் இத்தாவில் இருக்கிறேன். வாசலைத் தாண்ட இன்னும் நாள் இருக்கிறது. அதனால் என் தம்பி சப்ரியிடம் ரொக்கெட்டைக் கொடுத்து அனுப்பினேன். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அத வெச்சிக்க மனே. அவர்ட கை பட்ட சாமான். போனா வருமா?" என்றார்.

உம்மா சொன்னதில் பிழையில்லை. செட்டைக்கு அடித்த நீலப் பூச்சு காயும் முன்பே நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்தீர்கள். உங்கள் பெருவிரல் அப்படியே பதிந்துவிட்டது. குசினி மேசையில் வைத்து அன்றைக்கு உங்களை எவ்வளவு ஏசினேன்! இப்போது அந்த விரலடையாளத்தைத் துணியால் துடைக்கவும் பயம். ஆனாலும் அது பறக்கவென்று செய்த சாமான். ஒரு முறையாவது மேலே போய் வர வேண்டும் என்று நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள்! காற்று நல்லமென்றால் மட்டும் விடு என்று தம்பியிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

அவனுடைய திறமை உங்களுக்குத் தெரியாததா? ஞாயிறு காலையிலேயே போனில் கோல் எடுத்தான்.

"ராத்தா, இந்த மஞ்ச வயர் எங்க போற?"

"அதத் தொடாத. உயரம் அளக்கிற பெட்டிக்குப் போறது. அது சொன்னாத்தான் பரசூட் வெளிய வரும்."

"வராட்டி?"

"வராட்டி ஈட்டி மாதிரி வயலுக்குள்ள இறங்கும். கையை எடுடா!"

நீங்கள் இருந்திருந்தால் இதையே ஒரு கிழமை சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

போன வருஷம் இதே வெட்டுக்குப் பிறகு நடந்ததை நினைத்துப் பார்க்கிறீர்களா? இதே ரொக்கெட் ஏவுகம்பியில் ஏறி நின்றது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசியது. மேகங்களெல்லாம் கடல் பக்கம் ஓடின. விதிப்படி விடலாம் என்றார் குகன். நான்தான் கழற்றுங்கள் என்றேன். அந்தப் பெரிய பரசூட்டைத் தைத்தவளும் நான்தானே. இறங்கும்போது ரொக்கெட் உடையக் கூடாதென்று அவ்வளவு பெரிதாகத் தைத்தேன். "இவ்வளவு பெருசு போட்டா இது இறங்காது புள்ள, குடியேறும்" என்று நீங்கள் பகிடி பண்ணினீர்கள். காற்றடித்தால் அது ரொக்கெட்டை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் காத்துத்தானே புள்ள?" என்று கேட்டீர்கள்.

"அடுத்த வெட்டு முடியட்டும் மச்சான். வயல் எங்கயும் போகாது."

வயல் எங்கும் போகவில்லைதான். மாரி வெட்டில் ஈரம் காயவில்லை, அனுமதியும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள், நம் கடையில் யாருக்கோ தண்ணீர்க் குழாய் அறுத்துக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள்.

காற்றைப் பற்றி அன்று நான் சொன்னது சரி. பௌதிகவியல் படிப்பிக்கிறவள் பிழையாகவா சொல்வாள்? அந்தச் சரியை வைத்துக்கொண்டு இனி நான் என்ன செய்ய, மச்சான்?

மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி மறுபடி கோல் எடுத்தான்.

"கீழ காத்துப் பரவால்ல ராத்தா. மேல மேகம் கடலுக்கு ஓடுது. விடலாம், ஆனா உங்கட ராத்தாக்கிட்ட ஒருக்காக் கேளுங்கண்டு குகன் அண்ணன் சொல்றார். கழட்டவா, விடவா?"

அதே கேள்வி, அதே கச்சான். கழற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விடு" என்று வந்தது.

"ராத்தா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சு யோசிச்சுத்தானே இவ்வளவும் வந்தது. விடு."

பாங்கு சொல்லும்போது நம் ஆட்கள் எண்ணமாட்டார்கள், அது உங்களுக்குத் தெரியும். பின் வளவில் நின்று பாங்கைக் கேட்டு முடித்தேன். இப்போது தொடங்குவார்கள் என்று நானும் பத்திலிருந்து கீழே எண்ணினேன். மேற்கே தென்னைகளுக்கு மேலால் வெள்ளைப் புகைக்கோடு ஒன்று நேரே ஏறியது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, புதுச் சீலையைக் கிழிக்கிற மாதிரி. அழுதேன். உம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

இனி ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தப் புகை கலைந்த பக்கம் ஒரு செம்மஞ்சள் புள்ளி தெரிந்தது. வரவரப் பெரிதானது. மச்சான், அது நம் வீட்டுக்கு மேலால் வந்தது. நான் தைத்த பரசூட் முழுக்க விரிந்திருந்தது. கீழே ரொக்கெட் ஆடிக்கொண்டு போனது. நீலச் செட்டைகூடத் தெரிந்தது. விரலடையாளம் தெரியவில்லை, அவ்வளவு உயரம். கூரையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கடல் பக்கம் போனது.

ஓடினேன். கேட் கொண்டியில் கை வைத்த பிறகுதான் இத்தா நினைவுக்கு வந்தது. அப்படியே நின்றேன்.

தம்பி கடற்கரைக்குப் போய்ப் பார்த்தான். கல்முனைக்குடித் தோணிக்காரர்களும் தேடினார்கள். கிடைக்கவில்லை. காற்று நல்லதாக இருந்திருந்தால் ரொக்கெட் வயலிலேயே இறங்கி வீட்டுக்கு வந்திருக்கும். உங்கள் விரலும் என்னிடம் இருந்திருக்கும். ஆனால் அது பரசூட் விரித்து வந்ததை நான் கண்டிருக்க மாட்டேன். எது நல்லது? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

இரவில் அதை மட்டும் நினைப்பதில்லை. போன வருஷம் விட்டிருந்தாலும் இப்படித்தான் கடலுக்குப் போயிருக்கும். நாம் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கடற்கரை வரை ஓடியிருப்போம். பிடிக்க முடியாமல் நீங்கள் மணலில் விழுந்து சிரித்திருப்பீர்கள். நான் ஏசியிருப்பேன். அவ்வளவுதான் நட்டம். அந்த நட்டத்துக்கா நான் பயந்தேன்?

இத்தா முடிந்து வாசலைத் தாண்டுகிற அன்றைக்கு, கேட்டிலிருந்து கடல் வரைக்கும் ஓடுவேன். டீச்சருக்குப் பைத்தியம் என்று தெரு சொல்லட்டும். தேடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓடுவேன், மச்சான். இது சத்தியம்.

உங்களை ஒரு வெட்டுக் காலம் காக்கவைத்த,
உங்கள் மனைவி