பிளக்கைப் பிடுங்கச் சொன்னவருக்கு ஒரு இதயம்கூட இல்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கும் மன்றத்தில் ஒரே ஒரு புதுக் கேள்வி. "வாஷிங் மெஷின் வாங்கலாமா, வேண்டாமா?" வாங்காமல் என்ன, துணி மூட்டையோடு ஆற்றுக்கா போகப்போகிறார்?

அக்காவும் நானும் இந்த இணைய மன்றத்தைத் தொடங்கியபோது, வீட்டிலேயே வாஷிங் மெஷினைப் பிரித்துப் பார்க்கிற ஆசாமிகள் இவ்வளவு பேரா என்று வாயைப் பிளந்தோம். இப்போது ஈ ஓட்டுகிறோம். எல்லோரும் சமூக ஊடகத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே "மெஷின் ஓடலை"ன்னு போட்டா அம்பது பேர் சிரிக்கிற பொம்மை போடுவாங்க, ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஆனாலும் அங்கேதானே போறாங்க!

சரி, அங்கே இருக்கிறதை இங்கே கொண்டுவந்தால் என்ன? பிடித்த பதிலுக்கு இதயம். புதுக் கேள்வி வந்தால் போனில் மணி. போனிலிருந்தே படம். மன்றத்தின் மென்பொருளை எழுதியவளே நான்தான். மாற்றி எழுத எனக்கு யார் தடை?

யார் தடை என்று எனக்கே தெரியும். ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போனேன். சண்டை போட்டேன். வந்தேன்.

எங்கள் மன்றத்தில் ஒரு பதிலுக்கு ஒரு வேலைதான். ஒருத்தர் "பிளக்கைப் பிடுங்குங்க" என்பார். கேட்டவர் "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் இன்னொருத்தர் அடுத்த வேலையைச் சொல்வார். எல்லாம் முடிந்ததும் கேட்டவர் திரும்பி வந்து என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். அதற்குப் பெயர் முடிச்சு போடுவது. சட்டம் அக்கா போட்டது. முடிச்சு போடாதவரை விடமாட்டாள், கணக்கு டீச்சர் இல்லையா, வீட்டுப்பாடம் கேட்பது போலத் துரத்துவாள். இத்தனைக்கும் அவள் இதுவரை ஒரு மெஷினைக்கூடத் திறந்ததில்லை! ஆட்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் வேலை.

"இதயத்தை அமுக்கிட்டுப் போறவன் எவன்டி திரும்பி வந்து முடிச்சு போடுவான்?" என்றாள்.

"முதல்ல ஆள் வரட்டும், முடிச்சை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அதைப் போட்டா நான் விலகிக்குவேன்."

கோபம் தலைக்கேறி, சம்பந்தமே இல்லாமல் தோடு பேச்சை எடுத்தேன். போன மாதம் அவள் வீட்டில் தங்கியபோது என் பச்சைக்கல் தோடு ஒன்று காணாமல் போனது. "உன் வீட்டுக்கு வந்தா தோடும் போகுது, நிம்மதியும் போகுது"ன்னு சொல்லிட்டேன். அவளும் விடலை. "உன் பொருளை உனக்கே பத்திரமா வெச்சுக்கத் தெரியலை, நீ மன்றத்தைக் காப்பாத்தப் போறியாக்கும்!"

நான் எழுதத்தான் போகிறேன். பார்க்கிறேன் ஒரு கை.

பிப்ரவரி 14, சனி

மணி அடிக்கிறது! என் போனில், சமையலறையில், முதல் தடவை! வீட்டுக்காரர் ஓடி வந்தார், குக்கர் என்று நினைத்துக்கொண்டு.

பிப்ரவரி 21, சனி

புது மன்றம் திறந்தாச்சு!

தலைகால் புரியவில்லை. மதியத்துக்குள் பழைய ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டார்கள். லிப்ட் மெக்கானிக் ஒருவர், "நட்டு கழண்டவன்" என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர், எல்லோருக்கும் இதயமாக வாரி இறைக்கிறார். அவருக்குத்தான் அதிகம் விழுகிறது. ஜோக்கடிக்காமல் அந்த மனுஷனுக்கு ஒரு வரி எழுத வராது. பழைய கேள்விகளிலும் அதிக இதயம் வாங்கிய பதில் தானாக மேலே ஏறிக்கொள்ளும். என்ன அழகு!

அக்கா ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "இன்று முதல் நான் மன்றப் பொறுப்பில் இல்லை."

அதற்கும் ஒரு ஆள் இதயம் போட்டிருக்கிறார். யாரென்று தெரிந்தால் கழுத்தை நெரிப்பேன்.

பிப்ரவரி 25, புதன்

புது உறுப்பினர்கள்! நேற்று மட்டும் முன்பு ஒரு மாதத்தில் வந்த அளவு! ஆபீசில் உட்கார முடியவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்க்கிறேன். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். அவளே கூப்பிடட்டும் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒரு சின்ன உறுத்தல். இந்த வாரம் ஒரு முடிச்சுகூட விழவில்லை. கேட்கிறார்கள், இதயம் போடுகிறார்கள், போய்விடுகிறார்கள். மெஷின் ஓடியதா, வெடித்ததா, ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வாய் வெச்ச நேரம்.

மார்ச் 4, புதன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மீட்டிங் நடுவே மணி அடித்தது. "புதுமாப்பிள்ளை" என்று ஒரு புது உறுப்பினர். கல்யாணம் ஆகி முதல் தடவையாக மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறார். மெஷினில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கிறேன் அத்தைன்னு மார் தட்டியிருக்கார் பாவம். நம் மன்றத்தில் பழைய கேள்வி ஒன்றைத் தேடி எடுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு பதிலாகச் செய்திருக்கிறார்.

எங்கள் ஆட்கள் சொன்ன வரிசை என்ன? பிளக்கைப் பிடுங்கு. குழாயை மூடு. சின்ன ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீரை வடி. அதற்கப்புறம்தான் அடியில் இருக்கும் வடிகட்டி மூடியைத் திற.

புது மன்றத்தில் முதலில் இருந்தது எது? நட்டு கழண்டவரின் பதில். "அந்த மூடியைத் திறந்து பாருங்க சார், உள்ளே புதையலே இருக்கும்!" அதற்குத்தானே அத்தனை இதயம். பிளக்கைப் பிடுங்கச் சொன்னவருக்கு ஒன்றுகூட இல்லை. அந்தப் பதில் கடைசியில் போய், "மேலும் காட்டு" என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னதுக்கு யார் இதயம் போடுவாங்க? நானே போட்டிருக்க மாட்டேனே!

திறந்துவிட்டார். மெஷின் நிறையத் தண்ணீர், மாமியார் வீட்டுக் கூடம் நிறையத் தண்ணீர். படம் அனுப்பியிருந்தார். சோப்பு நுரை நடுவே ஒரு ஜோடி வெறுங்கால். பின்னால் சுவரில் பிளக் அப்படியே செருகியிருக்கிறது.

ஐயோ, பிளக்! நான் என்ன எழுதுவது என்று திணறுவதற்குள் நட்டு கழண்டவர் எழுதிவிட்டார். ஜோக் இல்லை. "ஈரக் கையோட பிளக்கைத் தொடாதீங்க. தண்ணியை விட்டு வெளியே வாங்க. மெயினை அணைங்க. அணைச்சதும் ஆச்சுன்னு எழுதுங்க."

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டிங்கில் மேனேஜர் ஏதோ கேட்டார், நான் "மெயினை அணைங்க" என்றேன்.

அப்புறம் வந்தது. "ஆச்சு."

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நான் செய்த வேலைதானே? மேலே எதை வைக்க வேண்டும் என்று முடிவு பண்ணியது என் கை.

மார்ச் 5, வியாழன்

விடிந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிய உட்கார்ந்தேன். இதயம், மணி, படம், எதுவும் வேண்டாம், பழையபடியே இருந்து தொலையட்டும். அப்போது போன் அடித்தது. அக்கா!

"நேத்து நடந்ததைப் பாத்தேன்" என்றாள். ஆக, விலகினவள் தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் தூக்கிடறேன்க்கா."

"அறிவிருக்கா உனக்கு? மணி அடிக்கலைன்னா அந்த நட்டு சாயங்காலம்தான் பாத்திருப்பான். படம் இல்லைன்னா பிளக் செருகியிருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? இதயத்தைத் தூக்கு. மணியைத் தூக்கினே, உன்னைத் தூக்கிடுவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்போ திரும்பி வர்றியா?" என்றேன்.

"முடிச்சு விழட்டும், பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள். தோடு பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கண்டுபிடிச்சுட்டேன்! பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது!

பதில்கள் வந்த வரிசையிலேயே நிற்கும். எதுவும் மேலே ஏறாது, ஒளியாது. இதயம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பொத்தான்: "நானும் செஞ்சேன்". அமுக்கினால் சும்மா எண்ணிக்கை ஏறாது. என்ன செய்தாய், என்ன ஆயிற்று என்று ஒரு வரியாவது எழுதினால்தான் நிற்கும். அதாவது, அமுக்குகிறவர் ஒவ்வொருவரும் ஒரு முடிச்சு போட்டாக வேண்டும்!

வாயில் நுரையோடு கூடத்துக்கு ஓடி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "முதல்ல கொப்புளிச்சிட்டு வா" என்றார்.

மார்ச் 12, வியாழன்

பொத்தான் ஏறிவிட்டது. சில பேர் இதயத்தைக் கேட்டு முனகுகிறார்கள். முனகட்டும்.

மார்ச் 14, சனி

புதுமாப்பிள்ளை முடிச்சு போட்டுவிட்டார்! யாரும் துரத்தாமலே!

"பிளக், குழாய், தண்ணி, மூடி. இந்த தடவை வரிசையா. உள்ளே மாமனாரோட ஒற்றை சாக்ஸ். மெஷின் ஓடுது. அத்தை இப்போ என்னை மிக்ஸியையும் பாக்கச் சொல்றாங்க, காப்பாத்துங்க."

துள்ளிக் குதித்தேன், நிஜமாகவே. கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டினார்.

அக்கா இதைப் பார்த்திருப்பாளா?

மார்ச் 15, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. புதுமாப்பிள்ளையின் முடிச்சுக்குக் கீழே ஒருவர் "நானும் செஞ்சேன்" அமுக்கியிருந்தார். பெயரைப் பார்த்து நம்பாமல் மறுபடி பார்த்தேன்.

அக்கா.

"வாழ்க்கையில் முதல் தடவையா மெஷினைத் திறந்தேன். வரிசை தப்பலை, பயந்துக்கிட்டேதான் செஞ்சேன். உள்ளே ஒரு ஊக்கு, ரெண்டு பட்டன். அப்புறம், என் வீட்டுல காணாமப் போச்சுன்னு ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கிற பச்சைக்கல் தோடு. தலையணை உறையோட மெஷினுக்குள்ள வந்திருக்கும். வேணும்னா அவ நேர்ல வந்து வாங்கிக்கணும். இத்தோட முடிச்சு போட்டாச்சு. கேள்வி கேட்டுட்டு முடிச்சு போடாத மத்தவங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கேன், நாளையிலிருந்து வரேன்."

கூடவே ஒரு படம், போனில் எடுத்தது. ஈரக் கையில் என் தோடு. பின்னால் பிளக் பிடுங்கிக் கிடக்கிறது, அது தெரிய வேண்டும் என்றே எடுத்திருக்கிறாள்.

மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டை ஒரு காதில் மாட்டிக்கொண்டேன். கிளம்புகிறேன்.