வெள்ளை முடிக்குக் கனகாம்பரம்

இன்னமும் உன் அதட்டலுக்குப் பயந்தே வண்டி ஓட்டுகிற தம்பி எழுதுகிறேன், என் அக்கா!

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன நாலாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்ல எனக்கு அப்போது அவகாசமில்லை. இப்போது சொல்லுகிறேன். நான் ஒன்பதாவதில் நின்றவன். எழுத்து கோணலாகத்தான் வரும். நாலு பேர் படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிக்கிற மாதிரிதான் நானும் நடந்துகொண்டேன்.

முதலில் நல்ல சேதி. உன் செல்ல மருமகள் தேன்மொழிக்கு வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நெரவி ஊர்ப் பையன். அமைதியானவன். உன் மாதிரி பேசுகிற அத்தை இல்லாத குறை அந்த வீட்டில் தீர்ந்துவிட்டது, அவனுடைய பெரியம்மா இருக்கிறார். அவரால்தான் இந்தக் கடிதமே.

நீ இருந்தவரை என் வேன் எப்படி இருந்தது, ஞாபகமிருக்கிறதா? நெடுங்காட்டில் நீ முன் சீட்டில் ஏறுவாய். முதுகுக்கு அந்தச் சின்னத் தலையணையை வைத்துக்கொண்டு, "ரேடியோவை அமத்துடா, பேசணும்" என்பாய். அதோடு சரி. காரைக்கால் வந்து ஆபீஸ் வாசலில் நீ இறங்குகிறவரை, பின் சீட்டு வசந்தியும் நூர்ஜஹானும் நீயும் பேசித் தீர்க்காத மாமியார் இல்லை, மருமகள் இல்லை. பாதிப் பேச்சு நரைமுடியைப் பற்றித்தான். யார் எந்த டை அடித்தார்கள், யாருக்கு எத்தனை நாளில் வேர் வெளுத்தது என்று. நான் ரோட்டைப் பார்த்தபடி காதை மட்டும் பின்னால் விட்டிருப்பேன்.

நீ போன பிறகு அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. பேச்சும் அடங்கிவிட்டது. வசந்தி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்த அசதியில் கண்ணை மூடிக்கொள்ளும். நூர்ஜஹான் துணிக்கடைக் கணக்கில் போனையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நிசப்தம் தாங்காமல் நான் ரேடியோவைப் போட்டேன், அக்கா. அதை உன்னிடம் ஒளிக்க முடியாது.

வீட்டில் வேறு கதை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் மலரும் கொல்லைப்புறத்தில் பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி தலைக்கு ஒருத்தி டை அடிப்பீர்களே, அது நின்றுபோனது. முன்பக்கம் அவளே அடித்துக்கொள்வாள். பின்மண்டைக்கு யார்? நான் இருக்கிறேனே என்றேன். புருஷன் என்றால் இதற்குக் கூடவா லாயக்கில்லை என்று ஒரு ரோஷம். கடையில் பார்த்த ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்கி வந்தேன். காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லி அதிலேயே போட்டிருந்தது. படிக்கவில்லை. வண்டிக்கு கிரீஸ் அடிக்கிற மாதிரி அப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மலருக்குக் கண் திறக்கவில்லை. முகம் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. வசந்திதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. "இனிமே இந்தம்மா தலைக்கு டைன்னு ஒண்ணு கிட்டயே வரக்கூடாதுண்ணே. அடுத்த தடவை மூச்சையே அடைக்கும்" என்றது.

அப்புறம் ஒரு வருஷத்தில் மலர் முழுசாக வெளுத்துவிட்டாள். ஐம்பது வயதில் அப்படி ஒரு பஞ்சுத் தலை. அம்பகரத்தூர் அம்மனுக்கு வருஷா வருஷம் போகிறவள் இந்த வருஷம் "கால் வலிக்குது" என்றாள். பால் வாங்கக்கூட முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு அது உறைக்கவில்லை. நான் என் மீசைக்கும் கிராப்புக்கும் வாரம் தவறாமல் கறுப்பு அடித்துக்கொண்டு முறுக்காகத்தான் திரிந்தேன்.

தை மாதம் நிச்சயதார்த்தம், நம் வீட்டிலேயே. வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலர் காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷிதான், வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

"இவங்கதானே உங்க அக்கா? தவறிட்டாங்கன்னுல்ல எங்கள்ட்ட சொன்னாங்க. நல்லாத்தானே இருக்காங்க!"

நீ சாகிற அன்று வரைக்கும் ஒரு வெள்ளை முடியைக் கூட ஊருக்குக் காட்டாதவள். உன் பெயரில் என் பெண்டாட்டியைச் செத்தவளாக்கி, அவள் கையாலேயே காப்பியும் வாங்கிக்கொண்டார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் சிரித்துவிட்டேன், அக்கா. வெட்கத்தில் வந்த சிரிப்பா, நிஜமாகவே சிரிப்பு வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. "அய்யோ, அது எங்க வீட்டு அம்மாங்க" என்று சொன்னபோதும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மலர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். தட்டு மாற்றும்போதுகூட வெளியே வரவில்லை. தலைவலி என்று சொல்லிச் சமாளித்தோம்.

எல்லோரும் போன பிறகு நிதானமாகச் சொன்னாள். "கல்யாண வேலை அத்தனையும் நான் செய்றேங்க. ஒண்ணு குறை வைக்க மாட்டேன். மணவறைக்கு மட்டும் என்னைக் கூப்புடாதீங்க. தாரை வார்க்க உங்க சித்தப்பாவையும் சித்தியையும் நிக்க வச்சுக்குங்க."

தேன்மொழி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மா தண்ணி ஊத்தலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்றது. அது அழுதது. மலர் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெண்ணைப் பெற்றவள் இருக்கும்போது வேறொருத்தி செம்பைப் பிடிப்பதா? நீ இருந்தால் இரண்டு அதட்டல் போட்டிருப்பாய். இல்லாத உன்னை நான் எங்கே தேட?

மறுநாள் வண்டியில் ரேடியோவை அமத்தினேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவை. பொம்பளைங்க விஷயத்தைப் பொம்பளைங்களிடம் கேட்பதில் என்ன வெட்கம் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

நூர்ஜஹான் குறுக்கே கேட்டது. "நீங்க சிரிச்சீங்களாண்ணே?"

"வந்துடுச்சும்மா."

"அப்ப கோளாறு முடியில இல்லண்ணே, மூஞ்சியில."

"யாரு மூஞ்சியில?"

"மீசை வச்ச மூஞ்சியில."

வசந்தி சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து நின்றார்கள். என்னை அடுப்படிக்கு அனுப்பி, டீ போடச் சொல்லிவிட்டு, மலரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் கதவோரமாகவே நின்றேன்.

வசந்தி கொண்டையை அவிழ்த்து வகிட்டைக் காட்டியது. "இங்க பாரு மலரு. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் வெள்ளை எட்டிப் பாக்குது. வயல்ல மடை உடைஞ்சா அடைக்கிற மாதிரி நானும் அடைச்சுக்கிட்டே கெடக்கேன். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து தூங்குறதா, இதை அடைக்கிறதா?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தலையில எண்ணி ஒம்பது முடி" என்றது நூர்ஜஹான். "அந்த மனுசன் என்னைப் பாத்து, கெழவி ஆயிட்டேங்கிறாரு. நான் மருதாணி போட்டுத் தலையைச் செம்மண் ரோடாக்கி வச்சிருக்கேன். இல்லாத முடிக்கு அவரு வச்சிருக்கிற சீப்பு மட்டும் மூணு!"

மலர் சிரித்தாள். அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அடுப்படியில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். விரல் போதவில்லை.

பிறகு மூட்டுவலி, வசந்தி மகனின் வேலையில்லாத் திண்டாட்டம், ராத்திரி உடம்பு திடீரென்று கொதித்து வேர்ப்பது, நூர்ஜஹான் மாமியார் தினமும் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிப்பது என்று எங்கெங்கோ சுற்றிப் பேச்சு மறுபடி முடிக்கே வந்தது.

மலர்தான் சொன்னாள். "வெளுத்ததுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லடி. அண்ணி கை பட்டுப் பழகின தலை. அவங்களே போயாச்சு, அப்புறம் கறுப்பு என்ன, வெளுப்பு என்ன? ஆனா இவரு பக்கத்துல போயி நின்னா நான் இவரைப் பெத்தவளாட்டம் இருக்கேன். மணவறையில அப்படி நிக்கச் சொல்றீங்களா?"

வசந்தி என்னை உள்ளே கூப்பிட்டது. கையில் வெங்காயத்தோடு போனேன்.

"கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்."

மலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேணாம். நீங்க அடிக்கிறதை நிறுத்துங்க. ரெண்டு பேரும் ஒரே வயசுல நிப்போம். அப்ப வரேன்."

அக்கா, கேட்கிறபோது சின்ன விஷயமாகத்தான் இருந்தது. செய்து பார்த்தால் தெரியும். மூன்றாம் வாரம் என் மீசை அடியில் வெள்ளை, நடுவில் செம்பட்டை, நுனியில் கறுப்பு. டீக்கடையில், "சேகரு, மீசையில பால் நுரை, தொடைச்சுக்க" என்றான் ஒருத்தன். மண்டபம் பார்க்கப் போன இடத்தில் என்னைத் தாத்தா என்று ஒரு குழந்தை கூப்பிட்டது. வீட்டுக்கு வந்து மலரிடம் புலம்பினேன். "ஒரு தடவைதானே? நான் அக்காவே ஆயிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் முடி வெட்டப் போனேன். "பொண்ணுக்கு அப்பா. லேசா ஒரு கோட்டிங் குடுத்துடவா?" என்று கிண்ணத்தையே எடுத்துவிட்டார் கடைக்காரர். நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்றேன். பல் பிடுங்குகிற இடத்தில்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை.

முகூர்த்தத்தன்று காலையில் வசந்திதான் மலருக்குத் தலை பின்னியது. மல்லிகைச் சரத்தை எடுத்த மலரைத் தடுத்து, "வெள்ளை முடியில மல்லிகை எங்க தெரியும்? கனகாம்பரம் கொண்டாங்க" என்றது. அரக்குப் புடவை, வெள்ளை முடி, அதில் நெருப்புக் கங்கு மாதிரி கனகாம்பரம். மலர் மணவறைப் படி ஏறினாள். முந்தானை தோளில் இருந்தது. தலையில் இல்லை. மண்டபமே திரும்பிப் பார்த்தது, அக்கா. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

தேன்மொழியின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். மலர் செம்பைச் சாய்த்தாள். அவள் கை ஆடவில்லை. ஆடியது என் கைதான். பாதித் தண்ணீர் மாப்பிள்ளை மடியில். "தாராளமா வார்த்துட்டீங்க" என்றார் அய்யர். தேன்மொழி தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

பந்தியில் அந்தப் பெரியம்மா மலரைத் தேடி வந்தார். "அன்னிக்கு நான் தெரியாம கேட்டுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மலர், "விடுங்க சம்பந்தி" என்றாள். அவர் போகவில்லை. இலை ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்று, குரலைத் தாழ்த்தி, "நிறுத்தினதுக்கப்புறம் முழுசா வெளுக்க எத்தனை மாசம் ஆச்சு? நடுவுல அசிங்கமா இருக்குமே, அதை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

"உக்காருங்க, சொல்றேன்" என்றாள் மலர்.

பக்கத்து இலைக்காரி காதைத் திருப்பினாள். எதிர் வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் மலர், உன் கையை வீசுகிற மாதிரியே வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். ஜெயித்தவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அந்தப் பந்தியைத்தான் காட்டுவேன்.

இப்போது காரைக்காலில் ஒரு தையல் கடையில் ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற வேலைக்குப் போகிறாள். முதல் நாள் வேனுக்கு வந்து, உன் சீட்டைத் துடைத்து, தலையணையைத் தட்டிப் போட்டு, உன்னிடம் உத்தரவு கேட்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து நூர்ஜஹான், "அப்பாடா, வண்டிக்கு ஆள் வந்தாச்சு" என்றது. வசந்தியும் டையை நிறுத்திவிட்டது. மடை உடைந்தே கிடக்கட்டும் என்கிறது.

ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. கண்ணாடியில் பின்னால் இரண்டு தலை, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தலை. நீ இருந்திருந்தால் நீயும் நிறுத்தியிருப்பாயா? வெள்ளை முடியோடு நீ எப்படி இருந்திருப்பாய் என்று மலரைப் பார்த்தே நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பெரியம்மா ஒருவேளை அவ்வளவு தப்பாகச் சொல்லிவிடவில்லையோ?

ஒரே ஒரு சத்தியம் செய்கிறேன், அக்கா. இந்த வண்டியை நான் ஓட்டுகிறவரை, அவர்கள் பேசும்போது ரேடியோ பாடாது.

நீ அமத்தச் சொன்னதும் அமத்துகிற,
மீசை நரைத்த உன் தம்பி,
சேகர்