தோளில் மட்டையோடு நின்ற பிள்ளைக்கு

கிரவீன்,
9-9-1979, ஞாயிறு.

அன்புள்ள மகள் கமலினிக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், வேறு எப்படித் தொடங்குவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், பெரிய சுகயீனம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது, டொக்டரிடம் போங்கோ என்றால் நாளைக்குப் பார்ப்பம் என்கிறார். உன் தம்பி சிறிக்கு உன் சப்பாத்தை விடப் பெரிய சப்பாத்து வாங்கியாயிற்று, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், அதுவும் குளிர்பெட்டிக்குள் தலையை வைத்துக்கொண்டு. எனக்கு வேலைதான். விடிய முன்னம் எழும்பி, குசினியில் மூன்று பேருக்கும் சாப்பாடு கட்டி வைத்துவிட்டு, பெண்டில் ஹில் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் எடுக்கிறேன். வெஸ்ட்மீட்டில் இந்தப் புது ஆஸ்பத்திரி திறந்த நாள் தொடக்கம் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் அறையில் நிற்கிறேன், கதிரை இருக்கிறது, இருக்க நேரமில்லை. லைப்ரரியில் எடுத்த புத்தகம் கைப்பையிலேயே கிடக்கிறது, ரயிலில் விரித்தால் அதே பக்கத்தில் கண் மூடிவிடுகிறது. முன்பெல்லாம் அலுப்பு மாலையில் வரும், இப்போது காலையிலேயே கூட வந்துவிடுகிறது. உனக்கு முறைப்பாடு எழுதவில்லை, இன்றைக்கு ஞாயிறு, ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை, அதனால் இவ்வளவும் எழுத வருகிறது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்பா நின்றபடி ஒரு தரமும் இருந்து ஒரு தரமும் வாசித்தார். பார்மசிப் படிப்பை விட்டுவிட்டு, புள்ளி குறைந்த பாடத்துக்கு மறுபடியும் பரீட்சை எழுதி, மிருக வைத்தியத்துக்கு முயற்சி செய்யப் போகிறேன், இடம் கிடைக்குமென்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை, 14ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள் இருக்கிற இடத்தை விடுவதா இல்லையா என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கையிலை இருக்கிறதை விட்டுப்போட்டு ஆரும் இல்லாததைத் தேடிப் போவினமோ, முதல் பார்மசியை முடிக்கட்டும், பிறகு மாடோ குதிரையோ என்னத்தையெண்டாலும் பார்க்கட்டும், நீ எழுது, நீ எழுதினால் கேப்பாள் என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். நேற்றுச் சனிக்கிழமை பிளாக்டவுனிலிருந்து பவளம் அன்ரி வந்தா. சிறி வாய் தவறிச் சொல்லிவிட்டான். உடனே அன்ரி, மாடு பாக்கிறதெண்டால் ஊரிலையே பாத்திருக்கலாமே, இதுக்கோ பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தனீங்கள் என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தா. நானும் சிரித்து வைத்தேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆக, அப்பா எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். படிப்பை முடி. இது அவருடைய சொல். இனி வருவது என்னுடையது.

உன் கடிதம் வந்த நாள் தொடக்கம் கோப்பு அடுக்கும்போதெல்லாம் எனக்கு வரிண்டாதான் நினைவுக்கு வருகிறது. நாங்கள் முதலில் வந்து இறங்கிய அந்தக் கோதுமை ஊர், அப்பா கணிதம் படிப்பித்த ஹைஸ்கூல், அதற்கு எதிரே உன் சின்னப் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் நடுவே பனி உறைந்து வெள்ளையாய்க் கிடக்கும் மைதானம். எட்டுப் பையன்களோடு ஒன்பதாவது ஆளில்லாமல் பேஸ்போல் அணி திண்டாடியபோதுதான் அணியைப் பழக்கிய பால்கார மிஸ்டர் டோயில் வீட்டுக் கதவைத் தட்டினார். பெண்பிள்ளை என்றாலும் பரவாயில்லை என்று அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதும், நீ என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததும், அவர் உன் உயரத்தைப் பார்த்து முகம் மலர்ந்ததும் எனக்கு மறக்கவில்லை. ஏன் மலர்ந்தது என்பது பிறகுதான் விளங்கியது. தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே வராத பந்து நாலு எறிந்தால், மட்டை பிடிப்பவர் அடிக்காமலே முதலாவது பேஸுக்கு நடந்து போகலாம். உனக்குத் தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே இடமே இல்லை. எந்தப் பையனாலும் அதற்குள் எறிய முடியவில்லை. சும்மா நில்லு செல்லம், மட்டையைத் தோளிலை வைச்சுக்கொண்டு நில்லு, ஒண்டும் செய்யாதை, மிச்சத்தை அவங்கள் பாப்பாங்கள் என்று அந்த மனிதர் ஒவ்வொரு கிழமையும் உன் காதுக்குள் சொல்லுவார். நீ நின்றாய். நடந்தாய். அணி வென்றது. ரொட்டிக் கடையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள்கூட உங்கள் மகள் கெட்டிக்காரி, எவ்வளவு பொறுமை என்றார்கள். நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாய், கேட்டால் சவுக்காரம் கண்ணில் பட்டது என்பாய்.

தாய்மார் முறை வைத்துத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு போகிற வழக்கம் உனக்கு நினைவிருக்கும். என்னுடைய முதல் முறைக்கு ஊர்ப் பழக்கத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு செம்பட்டைத் தலைப் பையன் தண்ணீர்க் குழாய்க்கு ஓடினான், நீ மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அடுத்த முறை வெறும் பழம் கொண்டு வந்தபோது அவனே வந்து, மற்ற அணிக்காரருக்குக் கொடுக்க உறைப்புப் பழம் கொஞ்சம் இல்லையா என்று இரகசியமாகக் கேட்டான். அன்றைக்குத்தான் நீ என் பக்கத்தில் வந்து இருந்தாய்.

இறுதி ஆட்டம் இதே செப்டெம்பரில். கடைசிக் கட்டம், ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம், மூன்று பேஸிலும் எங்கள் பிள்ளைகள், இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் முடிந்தது. நீ போய் நின்றாய். நீ நடந்தால் மற்றவர்களும் ஒவ்வொரு பேஸ் நகர்வார்கள், ஒருவன் உள்ளே வந்துவிடுவான், ஆட்டம் சமம். மூன்று பந்து வெளியே போயிற்று, இரண்டு எப்படியோ உள்ளே வந்துவிட்டது, மூன்றாவதும் உள்ளே வந்தாலோ நீ வீசித் தவறினாலோ அவுட். அடுத்த பந்து உன் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் வந்தது, கம்பிவேலிக்கு வெளியே நின்ற எங்களுக்கே தெரிந்தது, ஆட்கள் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார்கள். நீ வீசினாய். முழு உடம்பும் சுழல, கால் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்ப வீசினாய். மட்டையில் ஒன்றும் படவில்லை. நீ புழுதியில் குந்திவிட்டாய், ஊர் தூக்கிய கையை இறக்கிவிட்டது. மிஸ்டர் டோயில் மட்டைகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். செம்பட்டைத் தலைப் பையன் மட்டும், வானத்திலை போன பந்தை ஏனடி அடிச்சனீ என்று கேட்டதாகப் பிறகு நீ சொன்னாய்.

காரில் அப்பா, நிண்டிருந்தால் காணுமே பிள்ளை, ஏன் வீசினனீ என்று கேட்டார். நீ பின்சீற்றிலிருந்து, அப்பா, நான் இந்த வருஷம் முழுக்க ஒருக்காவும் அடிக்கேல்லை என்றாய். நான் முன்சீற்றில் வீடு வரும்வரை பேசாமல் இருந்தேன். மறு வருஷம் மிஸ்டர் டோயில் கதவைத் தட்டவில்லை. ஆட்கள் போதும் என்று சொன்னார்களாம். அது உண்மையா, அந்த வீச்சுத்தான் காரணமா, எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்ததாக உனக்குச் சொல்லவும் மாட்டேன். வீசினால் படும் என்று சொல்லவும் என்னிடம் துணிவில்லை. அன்றைக்குப் படவில்லை, இந்த முறையும் படாமல் போகலாம், அப்போது கையில் பார்மசியும் இராது, பவளம் அன்ரியின் சிரிப்புத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை, இந்த வீட்டில் நின்று பழகியவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம். இங்கே சிட்னிக்கு வந்த நாளிலிருந்து அப்பா தன் பள்ளிக்கூடத்தில் மேலே போகிற பதவியைப் பற்றிக் கேட்டால், இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள் என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். அவரும் மரியாதையாகப் பொறுக்கிறார். உன் வயதில் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, விட்டுவந்த படிப்பின் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு மூடினேன், பிறகு படிக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், சொன்னவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை.

ஒன்று உனக்குத் தெரியாது. நீ வீசி விழுந்தபோது மைதானத்தில் ஒருவர் கைதட்டினார். அது நான்தான். என்னை அறியாமல் கை போய்விட்டது, நல்ல சத்தமாகவே தட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிசிஸ் டோயில் என் முழங்கையைப் பிடித்து, பாவம் இந்த மனுசிக்கு விளையாட்டு விளங்கவில்லை என்ற முகத்தோடு, அது அவுட், நாங்கள் தோற்றுவிட்டோம் என்று ஆறுதலாக விளக்கினா. நானும் ஓம் ஓம் என்று தலையாட்டி, விளங்காத மாதிரியே நின்றுகொண்டேன். எனக்கு எல்லாம் விளங்கியிருந்தது, கமலினி.

மெல்பேர்ணில் குளிர் இன்னும் விட்டிருக்காது, அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைப் போடு. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன எழுதிக்கொடுத்தாய் என்று ஒரு போன் எடு, வீட்டுக்கு எடுக்காதே, வீட்டில் அப்பாதான் முதலில் எடுப்பார், என் வேலையிடத்து நம்பருக்கு எடு. எதுவாக இருந்தாலும் அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். இந்த முறை முன்சீற்றில் பேசாமல் இருக்கமாட்டேன்.

கடவுள் உன் கூடவே நிற்கட்டும். நீ எங்கே நின்றாலும், எங்கே விழுந்தாலும் என் ஆசி உன் தலைமேல் இருக்கும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா.